மல்லிகாவுக்கு, க்யூடெக்ஸ் விஷயமாக

மேற்கு மாம்பலம்,
சென்னை.

அன்புள்ள மல்லிகாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீயும் அண்ணனும் நலம்தானே? முட்டி வலிக்கு அந்தத் தைலத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் போனாயா? போனில் கேட்டால் பேச்சை மாற்றுகிறாய். கடிதத்திலாவது உண்மையைச் சொல்.

ரிட்டயர் ஆன கையோடு போன் செய்து, "ஏண்டி, எந்த க்யூடெக்ஸ் வாங்கலாம்?" என்று நீ கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கடையில் கூட்டம், அப்போது பதில் சொல்ல முடியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக வார்டு டியூட்டி. நகத்தை ஒட்ட வெட்டி, சோப்பிலும் ஸ்பிரிட்டிலும் ஊறிய கை உன்னுடையது. கல்யாணத்துக்குக்கூட மருதாணியோடு நிறுத்திக்கொண்டவள் நீ. மேட்ரனுக்குப் பயந்து இல்லை, நோயாளிக்காக என்று அப்போது சொன்னாய். அப்படிப்பட்டவள் கேட்கும்போது ஏதோ ஒரு பிராண்டு பெயரைச் சொல்லி முடித்தால் எனக்கு மனசு ஆறாது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்.

முதலில் ஒன்று. விலை ஏற ஏற அதிக நாள் நிற்கும் என்று நினைத்துவிடாதே. கடைக்கு வருகிற பாதிப் பேர் அப்படித்தான் கேட்கிறார்கள். மலிவு பாட்டிலோ மால் பாட்டிலோ, சாதாரண நெயில் பாலிஷ் எல்லாமே அடிப்படையில் ஒன்றுதான். நைட்ரோசெல்லுலோஸை எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட்டில் கரைத்து, பிசினும் நிறமும் சேர்க்கிறார்கள். திரவம் ஆவியாகிப் போகும், படலம் நகத்தில் தங்கும். அவ்வளவுதான். விலை கூடும்போது மாறுவது நிறமியின் அடர்த்தி, பிரஷ், ஷேடுகளின் நயம், அப்புறம் பெயருக்குக் கொடுக்கும் பணம். பிரஷ்ஷுக்குக் கொடுக்கலாம். பெயருக்குக் கொடுப்பது அவரவர் இஷ்டம்.

என் கடை அலமாரியைக் கீழிருந்து மேலே சொல்கிறேன்.

பிளாட்பாரத்தில் டஜன் கணக்கில் கொட்டி விற்கிற, பெயரில்லாத பாட்டில்களை நான் கடைக்குள் விடுவதே இல்லை. தயாரித்தவர் முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி எதுவும் அதில் இருக்காது. மருந்துச் சீட்டில் ஒரு எழுத்து தெளிவாக இல்லாவிட்டால்கூட டாக்டரைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டவள் நீ. இதையும் அதே கண்ணால் பார்.

அதற்கு மேலே 100 ரூபாய்க்கு உட்பட்ட தட்டு. எல் 18, இன்சைட், ப்ளூ ஹெவன் எல்லாம் இங்கேதான். காலேஜ் பெண்கள் முதலில் நிற்பதும் இங்கேதான். எல் 18 எனக்கு எப்போதும் பிடிக்கும். பாட்டில் சின்னது, காய்ந்து கெட்டியாவதற்குள் தீர்ந்துவிடும், அடுத்த நிறத்துக்குப் போகலாம். ஒரே நிறத்தை வருடக்கணக்கில் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்? புதிதாக ஆரம்பிக்கிறவளுக்கு இந்தத் தட்டில் தைரியமாகக் கை வைக்கலாம். பிரஷ் மட்டும் கொஞ்சம் மெலிதாக இருக்கும்.

அடுத்தது என் மனசுக்கு நெருக்கமான நடுத்தட்டு, சுமார் 100 முதல் 250 வரை. லாக்மே, ஃபேசஸ் கனடா, மேபலின், நைக்கா, சுகர் என்று அடுக்கி வைத்திருக்கிறேன். ஹாஸ்டல் ஜன்னலில் நாம் ஒளித்து வைத்த பாட்டிலும் லாக்மேதான், நினைவிருக்கிறதா? (வார்டனின் வெள்ளைப் புடவை விவகாரத்தை நான் எழுத மாட்டேன். பேத்தி படித்துவிடுவாள்.) இந்தியப் பெண்கள் வெளிநாட்டு ஒப்பனைப் பொருளுக்குச் செலவு செய்கிறார்களே, இங்கேயே தயாரிக்கலாமே என்ற யோசனையில் 1952-ல் டாடா குழுமம் தொடங்கியது லாக்மே. பிறகு அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. நம் தோல் நிறத்துக்கு எந்தச் சிவப்பு எடுபடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கறுத்த கையில் சுண்ணாம்பு பூசிய மாதிரித் தெரியாத ரோஸ் நிறம் வேண்டுமென்றால் நான் முதலில் அவர்கள் ஷேடு கார்டைத்தான் விரிப்பேன்.

கலர்பாரும் ரெவ்லானும் அதற்கு ஒரு படி மேலே. ரெவ்லான் என்றால் இன்று எல்லோரும் லிப்ஸ்டிக்கைச் சொல்வார்கள். ஆனால் 1932-ல் அமெரிக்காவில் அந்தக் கம்பெனி தொடங்கியது நெயில் பாலிஷை மட்டும் வைத்துத்தான். அதுவரை பூச்சுகள் சாயம் கலந்து கண்ணாடி மாதிரி இருந்தன. இவர்கள் நிறமி சேர்த்து, நகம் தெரியாதபடி மூடும் பூச்சைக் கொண்டுவந்தார்கள். நாம் வாய்க்கு வாய் க்யூடெக்ஸ் என்கிறோமே, அந்த க்யூடெக்ஸ் கம்பெனி 1917-லேயே திரவ நகப்பூச்சை விற்க ஆரம்பித்துவிட்டது. நம் ஊர்ப் பெண்கள் வாயில் அது இன்னும் நிற்கிறது. என் கடைக்கு வந்து "க்யூடெக்ஸ் குடுங்கக்கா" என்று கேட்டு லாக்மே வாங்கிப் போகிறார்கள்.

கண்ணாடி அலமாரியில் சாவி போட்டு வைத்திருப்பது ஓ.பி.ஐ. ஆயிரத்தை ஒட்டிய விலை. அதிகம் விற்காது, ஆனால் வைத்திருப்பதில் எனக்குப் பெருமை. அதன் பிரஷ் அகலம். கட்டை விரலில் மூன்று இழுப்பில் வேலை முடிந்துவிடும். விலையைக் கேட்டு மலைக்கிறவர்களிடம் அளவைப் பார்க்கச் சொல்வேன். அதில் 15 மில்லி இருக்கிறது. கீழ்த்தட்டுப் பாட்டில்கள் பலவற்றில் 5, 6 மில்லிதான். மில்லிக் கணக்குப் போட்டால் வித்தியாசம் அவ்வளவு பயமுறுத்தாது. இன்னொரு விஷயம் உனக்குப் பிடிக்கும். அந்தக் கம்பெனி முதலில் பல் மருத்துவப் பொருட்கள் விற்றுக்கொண்டிருந்தது. பல் செட்டுக்கான அக்ரிலிக் நகத்துக்கும் பயன்படுவதைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் வந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வருகிறேன்.

அதற்கும் மேலே சனேல், டியோர். அவை என் கடையில் இல்லை, மாலில்தான் பார்க்க வேண்டும். இரண்டாயிரத்தைத் தாண்டும். சனேலின் ரூஜ் நுவார், 1994-ல் ஒரு ஃபேஷன் காட்சிக்காக வந்த நிறம், கிட்டத்தட்ட கறுப்பாகிவிட்ட சிவப்பு. நம் பட்டுப் புடவைக் கடையில் அரக்கு என்று எடுத்துப் போடுவார்களே, அதன் கடைசி இருட்டு. என் நாத்தனார் மகள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததைப் பூசிப் பார்த்தேன். அழகு, மறுக்க மாட்டேன். ஆனால் அதன் பக்கத்து நிறம் நடுத்தட்டிலேயே கிடைக்கிறது. அந்தப் பணத்தை உனக்காகச் செலவழிக்க எனக்குச் சம்மதமில்லை.

நம் தோழி நூருவிடம் பேசினால் ஒன்று சொல். போலந்து நாட்டு இங்லாட் கம்பெனியின் ஓ2எம் வரிசை, ஈரமும் காற்றும் ஊடுருவும் என்று சொல்லி விற்கப்படுவது. தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது நகத்திலும் தண்ணீர் பட வேண்டும் என்பதால் பெண்கள் பலர் அதைத் தேடி வாங்குகிறார்கள். மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடையே இதில் இரண்டு கருத்து உண்டு, அவள் கேட்டு முடிவு செய்யட்டும். இத்தனை வருடமாக விரல் நீட்டி ஏங்கியவள் அவள்.

சரி, இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயம்.

உன் மருமகள் உன்னை ஜெல் பாலிஷ் போட அழைத்துப் போவதாகச் சொன்னாய். போகாதே என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு போ. என் தம்பி மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பார்லரில் ஆசையாகப் போட ஆரம்பித்தாள். பிறகு வீட்டிலேயே செய்ய ஆன்லைனில் ஒரு விளக்கும் கிட்டும் வாங்கினாள். கொஞ்ச நாளில் விரல் நுனியெல்லாம் அரிப்பு, தோல் உரிந்து வெடிப்பு. பாத்திரம் தேய்க்கிற சோப்பு சேரவில்லை என்றே எல்லோரும் நினைத்தோம். தோல் டாக்டர் பேட்ச் டெஸ்ட் செய்து, ஜெல்லில் இருக்கிற அக்ரிலேட் என்ற பொருளால் வந்த ஒவ்வாமை என்றார்.

ஜெல் என்பது காய்கிற பூச்சு இல்லை, விளக்கொளியில் இறுகுகிற பூச்சு. சரியாக இறுகாமல் தோலில் பட்டால்தான் வம்பு. ஹேமா (HEMA) என்று லேபிளில் போடுகிறார்களே, அதுதான் இதில் அடிக்கடி மாட்டுகிற அக்ரிலேட் வகைப் பொருள். மட்டரக விளக்கும், நகத்தைத் தாண்டி வழிய விடுகிற கையும் சேர்ந்தால் போதும். ஒருமுறை உடம்பு இதை எதிரியாக்கிக்கொண்டால் ஆயுசுக்கும் மாறாதாம். மேலே பல் விஷயம் சொன்னேன் இல்லையா? பல் அடைக்கிற பொருளிலும், எலும்பு மூட்டு மாற்றும்போது வைக்கிற சிமெண்டிலும் இதே குடும்பத்துப் பொருள்தான். இருபத்து சொச்சம் வயதுப் பெண், நாளைக்கு எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் இதைச் சொல்ல வேண்டும். உன் முட்டியை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், மல்லிகா.

விளக்கொளியில் இறுக உதவும் என்று ஜெல்லில் சேர்க்கிற டி.பி.ஓ. (TPO) என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது. அதனால் ஜெல் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் டி.பி.ஓ. இல்லாதது, ஹேமா இல்லாதது என்று கேட்டு, பழகிய கையிடம் போ. எடுக்கும்போது அசிட்டோனில் ஊற வைத்து எடுக்கச் சொல். சுரண்டி எடுத்தால் நகத்தின் மேல் அடுக்கும் கூடவே வரும். என்னைக் கேட்டால், உன் கைக்கு சாதாரண பாலிஷே போதும். பிடிக்கவில்லையென்றால் ஐந்து நிமிடத்தில் துடைத்துவிடலாம்.

பாட்டிலில் த்ரீ ஃப்ரீ, டென் ஃப்ரீ என்று போட்டிருந்தால் குழம்பாதே. இத்தனை பொருள் இதில் இல்லை என்று அர்த்தம். முதலில் அந்த மூன்று என்பது டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட். பிறகு ஆளாளுக்கு எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனார்கள், கம்பெனிக்குக் கம்பெனி பட்டியல் மாறும். அந்த மூன்றும் இல்லையா என்று பார்த்தால் எனக்குப் போதும். நகம் பிளக்கிறது என்று, நகத்தைக் கெட்டியாக்கும் ஹார்டனரைத் தேடி ஓடாதே. சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், தொடர்ந்து பூசினால் நகம் விறைத்து இன்னும் சுலபமாக உடையும். ராத்திரி நகத்தோரம் தேங்காய் எண்ணெய் தேய். நகம் மாதம் 3 மில்லிமீட்டர்தான் வளரும், பொறுமை வேண்டும்.

இனி பூசும் முறை. குளித்துவிட்டு வந்த உடனே பூசாதே, தண்ணீரில் நகம் உப்பியிருக்கும். அது சுருங்கும்போது பூச்சு விலகும். உன்னிடம்தான் ஸ்பிரிட்டுப் பஞ்சு இருக்குமே, நகத்தை அதனால் துடைத்துவிட்டு ஆரம்பி. அடியில் பேஸ் கோட் கட்டாயம். இல்லாவிட்டால் கருஞ்சிவப்பு போட்டு எடுத்ததும் நகம் மஞ்சளாகும், மஞ்சள் காமாலை என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து நிற்பாள். நிறத்தை மெல்லிசாக, தோசை மாவை இழுப்பதுபோல் இரண்டு முறை பூசு. தடியாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்று குமிழ் விடும், இங்கே நம் புழுக்கத்தில் இன்னும் மோசம். கடைசியாக டாப் கோட், நக நுனியையும் சேர்த்து மூடு. என் அனுபவத்தில் காசு செலவழிக்க வேண்டிய இடம் இந்த டாப் கோட்தான். 60 ரூபாய் நிறத்தின் மேல் நல்ல டாப் கோட் போட்டவள், கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு அடுத்த வாரம் கடைக்கு வருகிறாள்.

தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் முழுக்க இறுகச் சில மணி நேரமாகும். அதனால் மதியம் பாத்திரமெல்லாம் கழுவி முடித்தபின் பூசு. அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், பாலிஷும் ரிமூவரும் சட்டென்று தீப்பிடிக்கும். பாட்டில் கெட்டியானால் ரிமூவரை ஊற்றாதே, தின்னர் என்று தனியாக விற்கிறது.

நிறம்தான் எனக்குப் பிடித்த பாகம். நீ பழுப்பும் ரோஸும் என்று பயந்து பயந்து கேட்பாய். நான் விடமாட்டேன். உன் நிறத்துக்கு அரக்கு, மாந்துளிர், செங்கல். வாடாமல்லி கால் விரலுக்கு. மயில் கழுத்து ஒன்றும் வைத்திருக்கிறேன், உன் எம்.எஸ். ப்ளூ புடவையோடு போடு. பச்சையும் நீலமும் போட்டு வந்தவர்களின் நகத்தை, விரலில் மாட்டுகிற கருவி ஆக்ஸிஜன் அளவைச் சரியாகக் காட்டாது என்று நீயே எத்தனை முறை துடைத்திருப்பாய்! இப்போது அந்தக் கவலை உனக்கு இல்லை. போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்.

சுமதி வரும் ஞாயிறு மதுரை வருகிறாள். அவள் பையில் ஒரு டப்பா கொடுத்தனுப்புகிறேன். லாக்மேயில் இரண்டு சிவப்பு, எல் 18-ல் வாடாமல்லி, நைக்காவில் மாந்துளிர், பேஸ் கோட், டாப் கோட், தின்னர். ஓ.பி.ஐ. ஒன்று இருக்கிறது, அது உன் ரிட்டயர்மெண்டுக்கு என் பரிசு, விலை கேட்காதே. மற்றதற்கும் பணம் அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். பாட்டில்களை நிமிர்த்தி வைக்கச் சொல், வெயில் படாத இடத்தில் வை. தை மாதம் நீ இங்கே வரும்போது பாண்டி பஜார் போகலாம், ஒரு நாள் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள அண்ணனை இப்போதே பழக்கி வை.

பூசியதும் போட்டோ எடுத்து அனுப்பு. பத்து விரலும் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உன் விஜயா