மிளகாய்த்தூளோடு வரும் கடிதம்

ஸ்காபுறோ
8.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

மிளகாய்த்தூள், ஒடியல்மா, பருத்தித்துறை வடை, இந்தக் கடிதம் எல்லாம் ஒரே பெட்டியில் வருகின்றன. தூளைப் பிரிட்ஜில் வை. போன தடவை வெளியில் வைத்து வண்டு பிடிக்க விட்டாய். கல்கரிக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. பிள்ளைகளுக்குப் பாலைக் குறைக்காதே.

இங்கே வீடு ரின் கடை மாதிரிக் கிடக்கிறது. அக்காவின் சின்னவளுடைய பள்ளிக்கூடத்தில், இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் சும்மா கொடுக்கிற உணவு வங்கிக்குச் சாமான் சேர்க்கிறார்கள். அவளுடைய வகுப்புக்கு அவள்தான் பொறுப்பாம். அதில் ஒரு சிக்கல். உணவு வங்கிக்காரர் பீனட் பட்டர் வேண்டும் என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடமோ, கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருப்பதால் அதை வாசலுக்குள்ளேயே விடாது. இவள் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு பீனட் பட்டர் போத்தல்களை மட்டும் தகப்பனின் காரில் ஏற்றி நேரே அங்கே அனுப்பிவிட்டாள். உன்னுடைய மூளைதான், வேறென்ன.

பெரியவன் சனிக்கிழமைகளில் உணவு வங்கியில் நிற்கிறான். 40 மணித்தியாலம் தொண்டு வேலை செய்யாமல் ஒன்ராறியோவில் பள்ளிக்கூட டிப்ளோமா எடுக்க முடியாதே, அதற்காகத்தான் போனான். 40 முடிந்தும் போகிறான். மூட்டுப் பக்கம் நெளிந்த ரின்னை எறிய வேண்டும் என்று படித்துவந்து, இப்போது என் அலுமாரியையும் சோதிக்கிறான். காசாகக் கொடுத்தால் அவர்கள் மொத்த விலைக்கு வாங்குவார்கள், அதுதான் நல்லது என்று தங்கைக்குச் சொன்னான். காசை எப்படி அடுக்கிப் பார்க்கிறது என்று அவள் அழுதாள். அப்புறம் வகுப்பாகச் சேர்ந்து ஹொட் சொக்லேட் விற்று, காசும் கொடுக்கப் போகிறார்களாம்.

இந்த மார்ச் மாதம் மட்டும் கனடா முழுவதிலும் 20 இலட்சம் தடவைக்கு மேல் ஆட்கள் உணவு வங்கிகளுக்கு வந்திருக்கிறார்கள் என்று பெரியவன் மேசையில் சொன்னான். 2019ஐ விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காம். வேலைக்குப் போகிறவர்களும் வருகிறார்களாம். "ஆருக்கும் வரும்" என்றேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கறியை எடுக்க எழும்பிவிட்டேன்.

நீ நாலு ஞாயிற்றுக்கிழமையாகப் போன் எடுக்கவில்லை. பிறகு போன செவ்வாய் எடுத்தாய். இங்கே ஒரு மணி, உனக்குப் பதினொன்று. பின்னால் உன் வீட்டுச் சுவர் மணிக்கூடு அடித்தது. லீவா என்று நான் கேட்கவில்லை. நீ மருமகளின் இருமலைப் பற்றி மட்டும் கதைத்துவிட்டு வைத்துவிட்டாய். உன்னைப் படிப்பித்ததை நினைத்து இன்றைக்கும் நெஞ்சு நிமிர்த்தித்தான் கோயிலுக்குப் போகிறேன். ஆனால் பெற்ற தாய்க்கு ஒளிக்க எங்கே படித்தாய்? சரி, எங்கே என்று எனக்குத் தெரியும்.

1993 மாரி. பேஸ்மென்ட் வீடு. அப்பாவுக்குக் கோப்பை கழுவுகிற வேலையும் போன நேரம். நீ எட்டு வயது. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் இருந்து கடதாசி கொண்டுவந்தாய், இல்லாதவர்களுக்கு ஆளுக்கொரு ரின் தரட்டாம் என்று. அலுமாரியைத் திறந்து தக்காளி சூப் ரின் இரண்டை நீயே எடுத்தாய். எங்கே வாங்கினது, கனக்க இருக்கே என்று கேட்டாய். கடையில் மலிவுக்குப் போட்டான் என்றேன். அது பொய், ராசா. அவை உணவு வங்கி தந்த பெட்டியில் வந்தவை. அங்கிருந்து வந்த ரின் உன் கையால் அங்கேயே திரும்பிப் போனது. உனக்கு ஒரு நட்சத்திர ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டார்கள். அதைக் கழற்றாமல் படுத்தாய்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த முறை போனபோது, உங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலைந்து பேர் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டு நின்றார்கள். உன் ரீச்சரும் நின்றா. நான் கதவடியில் இருந்தே திரும்பிவிட்டேன். பிறகு போகவேயில்லை. அப்பா கேட்டதற்கு, அதை மூடிவிட்டார்கள் என்றேன். அவர் சாகும்வரை அப்படித்தான் நம்பியிருந்தார். அந்த மாரி முழுக்க உனக்கும் அக்காவுக்கும் பாலில் பாதி தண்ணீர். நீ ஒருநாளும் கேட்கவில்லை. என் முகத்தைக் காப்பாற்ற உங்கள் கோப்பையில் கைவைத்தேன். அந்த ரீச்சர் என்னைக் கண்டிருந்தாலும் என்ன செய்திருப்பா, ஒரு பெட்டி கூடத் தந்திருப்பா.

இது அக்காவுக்கும் தெரியாது.

பெட்டியின் அடியில் ஒரு என்வலப் இருக்கிறது. மருமகளுக்குக் காட்டினாலும் சரி, காட்டாவிட்டாலும் சரி. பிள்ளைகளுக்குப் பாலைக் குறைக்காதே.

செவ்வாய்க்கிழமைகளில் அக்கா வேலைக்குப் போய்விடுவாள், ஒரு மணிக்கு வீட்டில் நான் தனியத்தான் இருப்பேன். உனக்குப் பதினொன்று.

அன்புடன்,
அம்மா