சீனியைக் குறைப்பது பற்றிப் பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

அடுத்த தவணையிலிருந்து நமது பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் குளிர்பானம், ஜூஸ் பக்கட், டொபி, சீனி தூவிய கிம்புலா பணிஸ் எதுவும் விற்கப்படாது. "சீனி சேர்க்கப்படவில்லை" என்று எழுதிக்கொண்டு, செயற்கை இனிப்பூட்டி கலந்து வரும் பானங்களுக்கும் இடமில்லை. அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இந்த முடிவை எடுத்தோம். வேலை நாள் என்பதால் பலரால் வர முடியவில்லை. வந்தவர்களிலும் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. "எங்க பிள்ளையே எலும்பும் தோலுமா இருக்கு, சீனி சாப்பிட்டாதானே சேர் தெம்பு வரும்?" என்று ஒரு தாய் கேட்டார். நல்ல கேள்வி. கூட்டத்தில் அவசரமாகச் சொன்ன பதிலைக் கொஞ்சம் ஆறுதலாக எழுதலாம் என்று நினைத்தேன்.

சீனி கூடாது என்று பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உடல் பருமனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நம் தேயிலைத் தோட்டங்களில் நிலைமை வேறு. 2016 ஆம் ஆண்டு எடுத்த குடித்தொகை, சுகாதார அளவீட்டில் 5 வயதுக்குட்பட்ட தோட்டப்புறப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். இலங்கை முழுவதற்கும் அந்தக் கணக்கு 17 சதவீதம்தான். ஆகவே அந்தத் தாயின் கவலை நியாயமானது. ஆனால் சீனி அதற்கு மருந்தில்லை. ஒரு மட்டத் தேக்கரண்டி சீனி சுமார் 4 கிராம், அதில் 16 கலோரி. நாலு கரண்டி சீனியிலும் ஒரு முட்டையிலும் கிடைக்கும் சக்தி கிட்டத்தட்ட ஒன்றுதான். முட்டையில் அதோடு 6 கிராம் புரதம் இருக்கிறது, இரும்பும் விற்றமின்களும் இருக்கின்றன. சீனியில் அந்தச் சக்தியைத் தவிர வேறொன்றும் கிடையாது. உயரமும் சதையும் வளரப் புரதம் வேண்டும்.

இன்னொன்றும் நடக்கிறது. காலையில் இனிப்புத் தேத்தண்ணி, பாடசாலைக்கு வரும் வழியில் டொபி, முதல் மணி அடிப்பதற்குள் ஒரு ஜூஸ் பக்கட். இத்தனையும் உள்ளே போன பிள்ளைக்குப் பசி அடங்கிவிடும். இடைவேளையில் சோற்றுப் பெட்டியைத் திறந்து, மேலே இருக்கும் பொரியலை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, பருப்பையும் கீரையையும் அப்படியே மூடி வைக்கிறது. ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளுக்கு இது தினசரிக் காட்சி. நீங்கள் விடியற்காலையில் எழுந்து சமைத்துக் கட்டிக்கொடுத்த சாப்பாடுதான் திரும்பி வீட்டுக்கு வருகிறது. முட்டை விற்கிற விலை எனக்கும் தெரியும். டொபிக்கும் பக்கட்டுக்கும் சில்லறையாகப் போகும் காசை ஒரு கிழமை சேர்த்துப் பாருங்கள், கடலையோ நெத்தலியோ வாங்க ஓரளவு தேறும்.

சரி, தேத்தண்ணிக்கு வருவோம். நம் வீடுகளில் சீனியின் பெரும்பங்கு அதில்தான் போகிறது. காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகுமுன் இருட்டில் குளிரில் குடிக்கும் அந்த ஒரு கோப்பையை நான் குறை சொல்ல வரவில்லை. பத்து மணி வரைக்கும் கொழுந்து எடுப்பவர்களுக்கு அதுதான் பசி தாங்கும் சாப்பாடு என்பது எனக்குத் தெரியும். பிள்ளையின் கோப்பையைப் பற்றித்தான் பேசுகிறேன். சாயம், அதாவது பால் சேர்க்காத தேத்தண்ணி, ஏன் அவ்வளவு கசக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? டஸ்ட் என்கிற பொடித் தேயிலைத் தூளைக் கேத்தலில் போட்டுக் கொதிக்க விடுகிறோம், மிஞ்சியதைத் திரும்பவும் சூடாக்குகிறோம். அந்தக் கசப்பை அடக்கத்தான் மூன்று கரண்டி சீனி. கொதித்த தண்ணீரை இறக்கி, தூளைப் போட்டு, மூன்று நாலு நிமிடம் மூடி வைத்து வடித்துவிட்டால் அந்தக் கசப்பு வராது. ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டால் இன்னும் நல்லது. ஆடி, ஆவணிக் காற்றில் நம் ஊவா மலைகளில் எடுக்கும் கொழுந்தின் வாசனைக்காகவே வெளிநாட்டில் தனி விலை கொடுத்து வாங்குகிறார்கள். கொழும்பில் அதைச் சுவைத்து விலை சொல்கிறவர்கள் வாயில் ஒரு துளி சீனியும் வைப்பதில்லை. எடுத்துக் கொடுக்கிற நமக்கு மிஞ்சுவது டஸ்ட், அது வேறு கதை.

ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். பிள்ளை கோப்பையைத் தள்ளிவிடும், வீட்டில் சண்டைதான் வரும். கிழமைக்கு அரைக் கரண்டி குறையுங்கள். நாக்கு மெல்ல மெல்லப் பழகும், பிறகு பழைய அளவில் குடித்தால் திகட்டும். பெரியவர்கள் சிலர் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறும் சாயம் குடிப்பார்களே, அந்தப் பழக்கத்தில் உண்மையில் சீனி குறைவாகத்தான் செலவாகும். கித்துள் கருப்பட்டியில் ஒரு சின்னத் துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பதும் அதே கணக்கு. அப்புறம், சோறோ ரொட்டியோ சாப்பிடும்போதே தேத்தண்ணி கொடுக்காதீர்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்வதைச் சாயம் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும்.

தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்துக்குப் போகும் வயதுக் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. போத்தலில் இனிப்புத் தேத்தண்ணி ஊற்றி வாயில் வைத்துத் தூங்க வைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். தூக்கத்தில் எச்சில் குறைவாகவே சுரக்கும், இனிப்பு பல்லிலேயே தங்கும். வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்கிப் பல்லை அரிக்கும். முதலில் போவது மேல் முன்பற்கள். முதலாம் தரத்துக்கு வரும்போதே முன்பல் கறுத்து முளையாக நிற்கும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். பல்வலியோடு வாசிக்கப் பழகுவது லேசான காரியமா? பெரிய பிள்ளைகளுக்கும் ஒரே தடவையில் தின்கிற இனிப்பை விட, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சப்புகிற டொபிதான் பல்லுக்கு அதிகம் கேடு.

"சிவப்புச் சீனிதான் பாவிக்கிறோம்" என்று பலர் சொல்கிறீர்கள். பெல்வத்தைச் சீனித் தொழிற்சாலையில் செய்த சிவப்புச் சீனியானாலும் கப்பலில் வந்த வெள்ளைச் சீனியானாலும் உடலுக்குள் போனால் பெரிய வித்தியாசமில்லை. கருப்பட்டியும் தேனும் கித்துள் பாணியும் கூட அந்தக் கணக்கில்தான் சேரும். கருப்பட்டி வாசனைக்கு நல்லது, மருந்தென்று அளவில்லாமல் கொடுக்காதீர்கள். சந்தையில் விற்பதில் சீனி கலந்ததும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்ன அளவு, வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள். 25 கிராம் என்றால் ஆறு மட்டக் கரண்டி. சின்னப் பிள்ளைக்கு அதிலும் குறைவு. நாம் போடுவதோ குவித்த கரண்டி.

இனி, இனிப்பூட்டி. குளிர்பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போடும் சட்டம் நம் நாட்டில் 2016 இல் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. பிள்ளைகள் இதைச் சுகாதாரப் பாடத்தில் படிக்கிறார்கள், "பச்சை வட்டம்தானே சேர்" என்று கடைக்காரரைப் போல வாதாடவும் செய்கிறார்கள். பச்சை வட்டம் சீனியை மட்டும்தான் அளக்கிறது. பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பார்க்க வேண்டும்: அஸ்பார்டேம், சுக்ரலோஸ், சக்கரின், அசெசல்பேம் என்றோ, 951, 955, 954, 950 என்ற எண்களோ இருந்தால் அது இனிப்பூட்டி. இவை நஞ்சென்று நான் பயமுறுத்தவில்லை, இவற்றுக்குப் பாதுகாப்பான அளவுகள் வகுத்திருக்கிறார்கள். ஆனால் உடல் நிறையைக் கட்டுப்படுத்த இவற்றை நம்ப வேண்டாம் என்று 2023 இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. என் கவலை இன்னும் எளிமையானது. சீனியை விட நூறு மடங்குக்கு மேல் இனிக்கும் பொருளுக்குப் பழகிய நாக்குக்குக் கொய்யாப்பழம் எப்படி இனிக்கும்? வீட்டில் தாத்தா பாட்டிக்குச் சீனி வியாதி இருந்து, அவர்கள் இனிப்பு வில்லை பாவித்தால் அதில் கை வைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அந்த ஆலோசனை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கானது அல்ல. அவர்கள் கிளினிக்கில் சொல்வதைக் கேட்கட்டும்.

இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடும் பிள்ளைகளுக்குக் கையில் குளுக்கோஸ் கொட்டிக் கொடுப்பது நம்மிடம் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. 100 மீற்றர் ஓட அது தேவையே இல்லை. இம்முறை தண்ணீரும் தோடம்பழத் துண்டும்தான். ஒன்று மட்டும் மாறாது: காரியாலய அலுமாரியில் குளுக்கோஸ் பக்கட் எப்போதும் இருக்கும். இன்சுலின் போடும் பிள்ளைக்குத் திடீரென்று இரத்தத்தில் சீனி இறங்கினால் உடனே கொடுக்க வேண்டியது அதுதான். அப்படிப் பிள்ளை உள்ளவர்கள் கட்டாயம் வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள். வெளியே தெரிந்துவிடும் என்று தயங்க வேண்டாம்.

பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதற்கும் டொபி கொடுத்து அனுப்புவதையும் நிறுத்துகிறோம். எதுவும் தராமலே வாழ்த்துப் பாடுவோம். தர ஆசைப்பட்டால் வகுப்பு வாசிப்பு மூலைக்கு ஒரு கதைப் புத்தகம் தாருங்கள். தீபாவளி அதிரசத்துக்கும் கோயில் பஞ்சாமிர்தத்துக்கும் நான் குறுக்கே நிற்கவில்லை, அது வருடத்தில் சில நாள்.

சிற்றுண்டிச்சாலையில் அவித்த கடலை, பயறு, சோளம், கட்டைச் சம்பலோடு மரவள்ளி, வற்றாளங்கிழங்கு, வாழைப்பழம், காலையில் வல்லாரைக் கஞ்சி என்று பட்டியல் போட்டிருக்கிறோம். இதையெல்லாம் நகரத்திலிருந்து ஏற்றிவந்தால் விலை கட்டாது. உங்கள் வீட்டுத் தோட்டத்தில் கிழங்கோ கீரையோ பழமோ போட்டிருப்பவர்கள், அவித்துத் தர முடிந்த தாய்மார், இந்தக் கடிதத்தின் அடியிலுள்ள துண்டில் பெயரையும் தோட்டப் பிரிவையும் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். தவணை விடுமுறைக்கு முன் எல்லோரையும் கூப்பிட்டு விலை பேசுவோம். மாலைப் பொழுதில், கொழுந்து எடை போட்ட பிறகு வைக்கிறேன், எல்லோரும் வரலாம்.

இப்படிக்கு,
அதிபர்