மலைக்குக் குடிவர நினைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இரண்டு வீடுகளின் படங்களையும் அத்தானும் நானும் பார்த்தோம். எடிசனில் வருடா வருடம் கட்டுகிற வீட்டுவரியை நினைத்தால் வயிறு எரிகிறது, வேலையோ வீட்டிலிருந்தே, அப்புறம் எதற்கு நியூ ஜெர்சியில் கிடக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. நீங்கள் எல்லோரும் பக்கத்தில் வந்துவிட்டால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் அந்த முதல் வீட்டை வாங்காதே. பின்பக்கம் நின்றால் அடுக்கடுக்காக நீல மலை தெரிகிறதே, அந்த வீடுதான். நியூ ஜெர்சி, மிச்சிகன் பக்கத்திலிருந்து நார்த் கரோலினா மலைக்கு வர நினைக்கும் நம்மவர்கள் வேறு சிலரும் இதே கேள்வியைக் கேட்பதால், உனக்கு எழுதுவதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

அந்த வீடு மலை முகட்டில் இருக்கிறது. போகிற வழி தனியார் ஜல்லிப் பாதை. இந்த மாநிலத்தில் 1931-லேயே கிராமச் சாலைகளைக் கவுண்டிகளிடமிருந்து (நம்மூர் மாவட்டம் மாதிரி) மாநில அரசு எடுத்துக்கொண்டது. அதனால் வீடு பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது, வாசலுக்கு வரும் சாலை மாநிலத்துடையதா என்பதுதான். மாநிலச் சாலை என்றால், தாமதமானாலும் பனி தள்ளும் வண்டி வந்துவிடும். தனியார் பாதை என்றால், மழை ஜல்லியை அரித்துக்கொண்டு போனாலும் மரம் விழுந்தாலும் அந்தப் பாதையில் குடியிருப்பவர்கள்தான் காசு போட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும். யார் எவ்வளவு கொடுப்பது என்று எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேள். வீட்டுக் கடன் கொடுப்பவர்களும் அதைக் கேட்கக்கூடும்.

வரைபடத்தில் இன்னொன்றும் கவனித்தேன். அந்தப் பாதை வடக்குச் சரிவில் ஏறுகிறது. எதிர்ச் சரிவில் மதியத்துக்குள் உருகிவிடும் பனி, வெயில் படாத வடக்குச் சரிவில் நாள்கணக்கில் இறுகிக் கிடக்கும். தென் மாநிலம் என்பதால் குளிர் இருக்காது என்று நினைத்துவிடாதே. எங்கள் யான்ஸி கவுண்டியின் பர்ன்ஸ்வில் ஊரே ஏறக்குறைய 2,800 அடி உயரத்தில் இருக்கிறது. இதே கவுண்டியில் உள்ள மிட்செல் சிகரம் 6,684 அடி. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அதைவிட உயரமான மலை கிடையாது.

அடுத்து தண்ணீர். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் வந்தபோது நீங்கள் எங்களைத் தொடர்புகொள்ள முடியாமல் தவித்தது எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய நாட்களிலேயே மழை கொட்டித் தீர்த்து மண் ஊறிப்போயிருந்தது. இந்தக் கவுண்டியின் பியூசிக் பகுதியில் அந்தச் சில நாட்களில் 30 அங்குலத்துக்கு மேல் மழை பதிவானது. பக்கத்து நகரமான ஆஷ்வில்லில் பிரெஞ்ச் பிராட் ஆறு 1916 வெள்ளத்தின் உச்சத்தையும் தாண்டியது. மாநிலத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். எல்லோரும் ஆற்றோரத்தில் இருந்தவர்கள் அல்ல. மலைச்சரிவே மரமும் பாறையுமாகப் பெயர்ந்து வந்து வீடுகளை அடித்துக்கொண்டு போனது. ஆறு தூரத்தில் இருக்கிறது, நாங்கள் உயரத்தில் இருக்கிறோம் என்ற நம்பிக்கை இந்த மலையில் செல்லாது.

இது ஹெலீனோடு வந்த புதுக் கதையும் இல்லை. 2004 செப்டம்பரில் ஐவன் புயலின்போது, மேக்கன் கவுண்டியில் பீக்ஸ் கிரீக் என்ற சின்ன ஓடை வழியாகச் சேறும் பாறையும் இறங்கி ஐந்து பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலப் புவியியல் துறை, கவுண்டி கவுண்டியாக நிலச்சரிவு வரைபடம் போடத் தொடங்கியது. 2011-ல் பணத்தை வெட்டி அதை நிறுத்தினார்கள், 2018-ல் மறுபடி ஆரம்பித்தார்கள். அந்த ஏழு வருட இடைவெளியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. போட்ட வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டு முகவர் தானாக அதை எடுத்துக் காட்டுவார் என்று எதிர்பார்க்காதே, நீயே தேடிப் பார். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. அரசின் வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும், அதுவும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். மலைச்சரிவு இடிந்து விழுந்தால் இந்த இரண்டுமே கைகொடுக்காது.

ஹெலீன் வந்த அந்த வாரம் எங்களைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுப் பெரியவர். கரண்ட் போனதும் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும் நின்றுவிட்டது. குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை, போனில் சிக்னல் இல்லை, இரண்டு பக்கமும் சாலை இல்லை. அவர் தாத்தா காலத்தில் மேட்டிலிருக்கும் ஊற்றிலிருந்து குழாய் போட்டிருக்கிறார்கள். மோட்டார் வேண்டாம், தண்ணீர் தானாக இறங்கி வரும். குழாயின் வாயில் ஒரு பழைய பால் கேன் வைத்திருந்தார். அந்தத் தெருவே அங்கே வந்து குடத்தில் பிடித்துக்கொண்டது. மறுநாள் விடிந்ததுமே ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு, விழுந்து கிடந்த மரங்களை அறுத்துக்கொண்டே ஒவ்வொரு வீடாகப் போனார். வாசலில் நின்று அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்சுலின் போடுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்பதுதான். வண்டி ஏறாத இடங்களுக்குக் கோவேறு கழுதைகளின் முதுகில் மருந்தும் சாப்பாடும் ஏற்றிப் போனார்கள். தன்னார்வத் தீயணைப்பு நிலையம்தான் சமையலறை, மருந்துக்கடை, தகவல் மையம் எல்லாமாக இருந்தது. அந்த முகட்டு வீட்டைச் சுற்றி இருப்பவை முக்கால்வாசி விடுமுறை வீடுகள். குளிர்காலத்தில் விளக்கு எரியாத வீடுகள். அங்கே உன் கதவை யார் வந்து தட்டுவார்கள்? மலை தெரிவதை விட்டுவிட்டு, ஆள் இருக்கிற தெருவில் வீடு பார்.

சித்தியை உங்களோடு வைத்துக்கொள்ளப் போகிறாய் என்றால் இதையும் யோசி. இந்தக் கவுண்டியில் மருத்துவமனை கிடையாது. பக்கத்துக் கவுண்டியில் ஸ்ப்ரூஸ் பைனுக்குப் போக வேண்டும், இதயம் மூளை என்றால் ஆஷ்வில். (கம்ப்யூட்டர் சில்லுக்கான சிலிக்கானை உருக்கும் பாத்திரத்துக்கு வேண்டிய சுத்தமான குவார்ட்ஸ் அந்த ஸ்ப்ரூஸ் பைனில்தான் தோண்டப்படுகிறது. நீ நாள் முழுக்கத் தட்டுகிற கம்ப்யூட்டருக்கும் இந்த மலைக்கும் அப்படி ஓர் உறவு உண்டு.) டாக்டர் பற்றாக்குறைதான் எங்களையே இங்கே கொண்டுவந்தது. பயிற்சி முடித்த வெளிநாட்டு டாக்டர், விசா நிபந்தனைப்படி இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும். அதிலிருந்து விலக்கு வேண்டுமானால், டாக்டர் கிடைக்காத பகுதியில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். மாநிலத்துக்கு வருடம் 30 பேருக்கு அந்தச் சலுகை. அத்தானும் அப்படித்தான் வந்தார். மூன்று வருடம் முடிந்தும் போகவில்லை, போக மனம் வரவில்லை.

மனிதர்களைப் பற்றி உன் மனைவி கேட்டிருந்தாள். ஒளிக்காமல் சொல்கிறேன். எடிசனில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், அதில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். இங்கே கவுண்டி முழுவதற்குமே 18,000 சொச்சம். கடையில் திரும்பிப் பார்ப்பார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகச் சண்டை போட்ட தென் மாநிலப் படையின் கொடி சில வீட்டு வாசலில் பறக்கும். அதைப் பார்த்துப் பழகிக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கே பழகவில்லை. எந்த சர்ச்சுக்குப் போகிறீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேட்பார்கள். நாங்கள் இந்துக்கள், கோயில் சார்லட்டில் இருக்கிறது, நல்ல நாளுக்குப் போவோம் என்று நேராகச் சொல்லிவிடு. நேராகச் சொன்ன பதிலை மதிப்பார்கள். எங்களிடம் அப்படிக் கேட்ட அம்மாதான் இன்று வரை கோடையில் தக்காளியும், ஜூலை தாண்டினால் சோர்வுட் என்ற மரத்தின் பூத்தேனும் கொண்டுவந்து கொடுக்கிறார்.

அவர்களுக்கு நம்மைப் போல வெளியிலிருந்து வருகிறவர்கள் மேல் ஒரு வருத்தம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. புகையிலை போனது, ஆலைகள் போயின. 1908 முதல் ஓடிய கேன்டன் காகித ஆலையைக்கூட 2023-ல் மூடிவிட்டார்கள், சுமார் ஆயிரம் பேருக்கு வேலை போனது. வடக்கிலிருந்தும் ஃப்ளோரிடாவிலிருந்தும் வந்தவர்கள் கேட்ட விலை கொடுத்து வாங்கியதில், இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வீடு எட்டாததாகிவிட்டது. அதனால் "எங்கள் நியூ ஜெர்சியில் இப்படி இல்லையே" என்று மட்டும் யாரிடமும் சொல்லாதே. தீயணைப்பு நிலையத்துக்காக பார்பிக்யூ விருந்து போடுவார்கள், நீ இறைச்சி சாப்பிடாவிட்டாலும் போய்ப் பணம் கொடுத்து, நாற்காலி எடுத்துப் போடு.

இனி அந்த இரண்டாவது வீடு. மாநிலச் சாலையில் இருக்கிறது, இரண்டு பக்கமும் குடியிருக்கும் வீடுகள், எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் நான்கு படுக்கையறை என்று போட்டிருக்கிறார்கள். கழிவுநீர்த் தொட்டிக்கான அனுமதி இங்கே படுக்கையறை எண்ணிக்கையை வைத்துத்தான் கொடுக்கப்படுகிறது. கவுண்டி சுகாதார அலுவலகத்தில் அந்த அனுமதிச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்கு. அதில் மூன்று என்று இருந்தால் அது மூன்று படுக்கையறை வீடுதான், விலையையும் அதற்குத் தகுந்த மாதிரிப் பேசு. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் கையெழுத்துப் போடாதே. மோட்டாருக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா என்றும் பார்.

அக்டோபரில் இலை நிறம் மாறும்போது வந்து பார்த்து முடிவு செய்யாதே, அப்போது எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். ஜனவரியில் வா. அதைவிட நல்லது, ஒரு குளிர்காலம் முழுக்க பர்ன்ஸ்வில்லில் வாடகைக்கு இருந்து பார்ப்பது. எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும், எந்தத் தெருவில் பனி தள்ளுவார்கள், பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து எதுவரை வரும் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். வாடகை வீடு நான் விசாரித்து வைக்கிறேன். சித்திக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்தே வாங்கி வா, புது டாக்டரைப் பார்க்க நாளாகும்.

அன்புடன்,
அக்கா