ரயில் பாலமும் ஒரு சீப்பும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுவர் நட்பைச் சொல்லும் படங்கள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, ராப் ரெய்னர் 1986இல் இயக்கிய 'ஸ்டாண்ட் பை மீ'யை 'நாலு பையன்களின் சாகசப் பயணம்' என்று சுருக்கமாக முடித்துவிட்டது. மனசு கேட்காமல் எழுதுகிறேன். 89 நிமிடப் படத்தில் குப்பைக்கிடங்கு நாய், ரயில் பாலம், அட்டைப்பூச்சிகள் நிறைந்த குளம், கடைசியில் பெரிய பையன்களோடு மோதல் என்று சாகசங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மீதியெல்லாம் தண்டவாளத்தோரம் நடையும் பேச்சும்தான்.

பாலக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நால்வரில் கிறிஸ்ஸும் டெடியும் முன்னே போய்விடுகிறார்கள். பயந்தாங்கொள்ளி வெர்ன் கட்டைகளின் மேல் தவழ்கிறான். சட்டைப்பையிலிருந்து சீப்பு நழுவிக் கீழே விழுகிறது. பின்னால் வரும் கோர்டி தண்டவாளத்தைத் தொட்டுப் பார்க்கிறான், அதிர்கிறது. வெர்னைத் தாண்டி ஓட வழியில்லை. அவனை எழுப்பி ஓடவைத்தால்தான் இவனும் பிழைப்பான். கலிபோர்னியாவின் பிரிட்டன் ஏரிப் பாலத்தில் இதை எடுத்தபோது ரயில் பையன்களை விட்டு வெகுதூரத்தில் இருந்தது. டெலிபோட்டோ லென்ஸ்தான் இடைவெளியைச் சுருக்கி, முதுகுக்குப் பின்னால் வருவதுபோல் காட்டியது.

இந்த மாதிரிப் படம் எடுக்க வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். இந்த ஆபத்து வெர்னுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. குப்பைக்கிடங்குக்காரன் டெடியின் அப்பாவைப் பைத்தியம் என்று ஏசுவது டெடிக்கானது. அண்ணனைப் பறிகொடுத்த கோர்டிக்கோ, தேடிப் போவதே இன்னொரு பையனின் சடலம். பையன்களை இடம் மாற்றிப் போட்டும் ஒரு காட்சி அப்படியே நடக்குமென்றால், அந்தக் காட்சியை வெட்டிவிடலாம்.

அடுத்த சறுக்கல் அவசரம். ஓர் ஆபத்து முடிந்த கையோடு அடுத்ததைக் கொண்டுவந்தால் பயம் பேச்சாக மாற நேரமே இருக்காது. இதில் பாலத்துக்குப் பிறகு இரவு வருகிறது, நெருப்பு மூட்டிக் கதை சொல்கிறார்கள். எல்லோரும் தூங்கிய பிறகுதான், பள்ளியில் பாலுக்காகச் சேர்த்த காசைத் திருடிப் பிறகு திருப்பிக் கொடுத்ததையும் அதை ஆசிரியையே வைத்துக்கொண்டதையும் கிறிஸ் கோர்டியிடம் சொல்லி அழுகிறான். நடித்த நால்வரையும் படப்பிடிப்புக்கு முன் இரண்டு வாரம் நாடக விளையாட்டுகளில் பழகவிட்டிருந்தார் ரெய்னர். அந்த ஒட்டுதல் இந்தக் காட்சிகளில் தெரிகிறது.

இந்த நட்பு 'வாழ்நாள் முழுக்க நீடிப்பது' என்று கட்டுரை சொன்னதும் சரியில்லை. ஊர் திரும்பிய பிறகு டெடியும் வெர்னும் மெல்ல விலகி, பள்ளி நடையில் எதிர்ப்படும் வெறும் முகங்களாகிவிடுவதைப் படமே சொல்கிறது.

விடியலில் கோர்டி தனியாக உட்கார்ந்திருக்கும்போது ஒரு மான் வந்து நிற்கிறது. நாக்கு நுனிவரை வந்தும் அதை அவன் நண்பர்களிடம் சொல்வதில்லை. எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்ட இரண்டு நாளில் அவன் தனக்கென்று வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதினால், அந்த மானுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
திரைப்படச் சங்க வாசகர் ஒருவர்,
மதுரை.