மதிப்பெண் ஒன்று, எண்ணம் வேறு

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. பெரியவள் நர்ஸிங் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. அவளுக்கு என் ஆசியைச் சொல். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி விட்டுவிட்டு வருகிறது.

காய்கறிக் கடையில் அப்பாவோடு உட்காரும் உன் வகுப்புப் பையனைப் பற்றி எழுதியிருந்தாய். முக்கால் கிலோ தக்காளிக்கு மனக்கணக்காகவே விலை சொல்கிறவன், கரும்பலகையில் 0.75 என்று எழுதினால் விழிக்கிறான்; தசம எண்களை அடியிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் கோமதி. அடியிலிருந்து தொடங்கினால் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்தது எதுவோ, அது அப்படியே உள்ளே கிடக்கும். அதன் மேல் நாம் சொல்லிக்கொடுப்பது ஒட்டாமல் நிற்கும். முதலில் அவனிடம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உன் பையனைப் போன்ற பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. பிரேசிலில் ரெசிஃபெ நகரத்துத் தெருக்களில் வியாபாரம் செய்த 5 பிள்ளைகளைப் பற்றி தெரெசினா நூனஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் 1985-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடையில் வாடிக்கையாளர் போலக் கேட்டபோது நூற்றுக்கு 98 கேள்விகளுக்குச் சரியான விடை வந்தது. அதே மாதிரிக் கணக்கைத் தாளும் பென்சிலும் கொடுத்து வெறும் எண்களாகக் கேட்டபோது 37-தான். ஒரு தேங்காய் 35 குரூசேரோ (பிரேசிலின் அப்போதைய பணம்) என்றால் 10 காய் எவ்வளவு? அந்தப் பையன் பத்தால் பெருக்கிப் பூஜ்யம் போடவில்லை. மூன்று காய் 105, இன்னொரு மூன்று சேர்த்தால் 210, அடுத்த மூன்றோடு 315, மீதி ஒன்றோடு 350 என்று போனான். மூன்று காயின் விலை அவன் தினமும் சொல்கிற விலை, அதைப் பிடித்துக்கொண்டு ஏறினான். கணக்கு அவனுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்து எழுத்துமுறைதான் பழக்கமில்லை. உன் பையன் கதையும் அதுவே. முக்கால் என்ன என்பது அவன் கைக்குத் தெரியும். 7 எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, 5 எந்த இடத்தில் என்பதுதான் தெரியாது.

மற்ற பிள்ளைகள் தசமப் புள்ளியை எங்கெல்லாம் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று யோசித்துப் பார். மளிகைக் கடைத் தராசுத் திரையில் 0.250. பில்லில் 12.50. இந்த இரண்டிலும் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பது மாறுவதே இல்லை. தராசில் மூன்று, பில்லில் இரண்டு. அதனால் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை ஒரு முழு எண்ணாகவே படித்தாலும் தப்பு வராது. 250 கிராம், 50 பைசா. அந்தப் பிள்ளையின் எண்ணம் தவறென்று உலகம் ஒருநாளும் அவளுக்குக் காட்டியதில்லை. 0.8-ஐயும் 0.35-ஐயும் பக்கத்தில் வைக்கும் ஒரே இடம் உன் வகுப்பறைதான்.

இன்னும் சில இடங்களில் புள்ளி வேறு வேலையே செய்கிறது. 4.30 மணி என்றால் நாலரை. பாடப்புத்தகத்தில் 2.9-க்கு அடுத்த பகுதி 2.10. கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் நாலு ஓவரும் மூன்று பந்தும், அதாவது நாலரை ஓவர், 19.5-க்கு அடுத்த பந்தில் 20. 4.3 ஓவரில் 36 ரன் என்றால் ரன் ரேட் என்ன என்று கேட்டுப் பார். 4.3-ஆல் வகுத்தவர்களுக்கு 8.37 வரும். சரியான விடை 8, ஏனென்றால் 4.5-ஆல் வகுக்க வேண்டும். பையன்கள் இதை ஒரு பீரியட் முழுக்க விவாதிப்பார்கள், விவாதிக்கட்டும். புள்ளி ஓவரில் ஆறாகப் பிரிக்கிறது, மணியில் அறுபதாக, தசமத்தில் பத்தாக என்று அவர்கள் வாயாலேயே வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பாடம் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே ஒரு துண்டுத்தாள் கொடு. எட்டு ஜோடி எண்கள், பெரியதை வட்டமிட வேண்டும், சமம் என்று தோன்றினால் சமம் என்று எழுதலாம். முதல் மூன்று ஜோடி: 4.8, 4.63; 0.36, 0.5; 0.75, 0.8. அடுத்த மூன்று: 5.62, 5.736; 0.75, 0.5; 0.426, 0.3. கடைசி இரண்டு: 4.4502, 4.45; 17.35, 17.353. பெரிய எண் ஒரே பக்கத்தில் வராதபடி மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன், நீயும் அப்படியே எழுது. மெல்போர்னில் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் கேய் ஸ்டேசி, விக்கி ஸ்டைன்லி இருவரும் இதைப் போன்ற தாளை வைத்துத்தான் பிள்ளைகளின் எண்ணங்களை வகை பிரித்தார்கள்.

திருத்தும்போது மதிப்பெண் போடாதே. முதல் மூன்றும் தப்பு, அடுத்த மூன்றும் சரி என்றால் அந்தப் பிள்ளை நீளமான எண்ணைப் பெரிது என்கிறாள்: 63 என்பது 8-ஐ விடப் பெரிதாயிற்றே. முதல் மூன்றும் சரி, அடுத்த மூன்றும் தப்பு என்றால் நேர் எதிர். பின்னம் படித்த பிள்ளைகளிடம் இது வரும். ஆயிரத்தில் ஒன்று சின்னது, ஆகவே ஆயிரத்தில் ஒன்றாம் இடம் வரை போகிற எண்ணும் சின்னது என்று முடிவுகட்டியிருப்பார்கள். ஆறும் சரி, ஆனால் கடைசி இரண்டில் சமம் என்று எழுதியிருந்தால் அது ரூபாய்-பைசாக் கணக்கு. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு பார்வை நின்றுவிடுகிறது. சமம் என்று எழுத இடம் கொடுக்காவிட்டால் இந்தப் பிள்ளைகள் ஊகமாக வட்டமிடுவார்கள், நான்கில் ஒருவருக்கு இரண்டும் சரியாக விழுந்து உன் கண்ணுக்குத் தப்பிவிடும்.

முதல் இரண்டு வகையையும் கவனி. முதல் ஆறு கேள்வியில் இருவருக்கும் 3 மதிப்பெண். எண்ணமோ கிழக்கும் மேற்கும். தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிப்பது சின்ன வகுப்புகளுக்கு நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரே நிலையில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு ஒரே மருந்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு குவியலிலிருந்தும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, “ஏன் இதைப் பெரிசுன்னு சொன்ன?” என்று கேட்டுவிடு. சரி, தப்பு எதுவும் சொல்லாமல் கேள்.

நாம் எல்லோரும் செய்கிற ஒரு காரியத்தை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடு. பூஜ்யம் சேர்த்து இலக்கத்தைச் சமமாக்கும் வழி. 4.80, 4.63 என்று எழுதியதும் பிள்ளை 80-ஐயும் 63-ஐயும் ஒப்பிட்டுச் சரியான விடை சொல்லிவிடுவாள். பழைய எண்ணத்துக்குச் சிராய்ப்புகூட ஏற்பட்டிருக்காது. அது பிறகு வேறு இடத்தில் தலைகாட்டும்: 3.8 + 1.5 = 4.13, 0.35 + 0.8 = 0.43, 3.5-ஐப் பத்தால் பெருக்கினால் 3.50. 0.3-க்கும் 0.4-க்கும் நடுவே எண்ணே இல்லை என்பார்கள். அளவு கண்ணுக்குத் தெரிந்த பிறகு பூஜ்யம் சேர்க்கட்டும், அப்போது அது வெறும் வசதி.

அளவைக் காட்ட அரை இஞ்ச் பிவிசி குழாய் 20 அடி நீளத்தில் ஒன்று போதும். ஒன்று என்பதற்கு 120 செ.மீ. துண்டு 2, பத்தில் ஒன்றுக்கு 12 செ.மீ. துண்டு 20, நூறில் ஒன்றுக்கு 1.2 செ.மீ. துண்டு 30. மொத்தம் 516 செ.மீ. சேதாரம் போகவும் மிஞ்சும். முழுத் துண்டை ஒரு மீட்டராக வெட்டிவிடாதே. வெட்டினால் பிள்ளைகள் சென்டிமீட்டரை எண்ணத் தொடங்கி முழு எண்ணுக்கே திரும்பிவிடுவார்கள். வரிசையாகக் கோடு போட்டுக்கொண்டும் அறுக்காதே. ஆக்சா பிளேடு ஒவ்வொரு வெட்டிலும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தின்னும், கடைசியில் பத்துத் துண்டு சேர்ந்து ஒன்றுக்குச் சமமாக வராது, பாடமே கெட்டுவிடும். ஒவ்வொரு துண்டையும் வெட்டிய பிறகு அடுத்ததை அளந்து, முனையை உப்புத்தாளால் தேய்.

தரையில் ஒரு சாக்பீஸ் கோடு. அடுக்குவதற்கு முன்பே எது நீளமாக வரும் என்று எல்லோரும் நோட்டில் எழுத வேண்டும். எழுத வைக்காவிட்டால், பார்த்த பிறகு எல்லோருமே “எனக்கு முன்னாடியே தெரியும்” என்பார்கள். கோட்டிலிருந்து 0.8-க்கு எட்டுத் துண்டு, கீழே 0.35-க்கு மூன்று பெரியதும் ஐந்து சின்னதும். முதல் வரிசை 96 செ.மீ. ஓடும், இரண்டாவது 42-ல் நின்றுவிடும். எதிர் வகைக்கு 0.42, 0.3 வை. நாலு துண்டு வைத்தபோதே தாண்டிவிட்டது, சின்னத் துண்டு அதைக் குறைக்கவில்லை, கூட்டத்தான் செய்தது என்று பார்ப்பார்கள். ரூபாய்-பைசாப் பிள்ளைகளுக்கு மட்டும், அந்தக் குட்டித் துண்டைப் பத்தாக நறுக்கினால் எவ்வளவு இருக்கும் என்று விரலிடுக்கில் காட்டச் சொல்.

பிறகு பேச்சைக் கடைக்குக் கொண்டுபோ. தராசில் 0.250. கடைசி இலக்கம் எரியாமல் போய் 0.25 மட்டும் தெரிந்தால், பொருள் கால் கிலோவா, 25 கிராமா? 0.5 மட்டும் தெரிந்தால்? இந்த இடத்தில் உன் கடைப் பையனைப் பேச விடு. மற்றவர்கள் யாருக்கும் தெரியாதது அவனுக்குத் தெரியும்: அரை கிலோவுக்கும் 5 கிராமுக்கும் உள்ள கனம். அங்கிருந்து 0.75-க்கு அவனே நடந்துவிடுவான்.

தாள்களை வாங்கியதும் எந்தக் குவியலில் எத்தனை என்று எழுது. அவன் தாளைத் தனியாக எடுத்துப் பார். முதல் ஆறும் சரியாக இருக்கும், கடைசி இரண்டில் சமம் என்று எழுதியிருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் அவன் சொன்ன காரணத்தை அவன் வார்த்தையிலேயே எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் தமிழ்ச்செல்வி