பழைய கார் விற்பனை: 'டெலிவரி நோட்' யாருக்குப் பாதுகாப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களை வாங்கி விற்கும் கன்சல்டிங் நிலையங்களில், வண்டியை ஒப்படைக்கும்போது வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் 'டெலிவரி நோட்' என்ற தாளைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். விற்பவர் வண்டியைப் பற்றி எதையும் எழுத்தில் தராமல், வாங்குபவர் மட்டும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுக்கும் இந்த வழக்கத்தை மாற்றப் போக்குவரத்துத் துறை முன்வர வேண்டும்.

கரூர் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கும் நாங்கள், வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் மாமனாரைத் திருச்சிக்கு அழைத்துச் சென்று வர 2025 மார்ச் மாதம் ஒரு கார் வாங்கினோம். கோவையில் உள்ள ஒரு கன்சல்டிங்கில், சென்னைப் பதிவெண் கொண்ட 2018ஆம் ஆண்டு பெட்ரோல் வண்டிக்கு 4,35,000 ரூபாய் விலை பேசி முடித்தோம். மீட்டர் 41,000 கிலோமீட்டர் காட்டியது. "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி, ஒரு கீறல்கூடக் கிடையாது" என்றார் விற்றவர். நாங்களும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவில்லை. வாகனப் பதிவு விவரங்களைக் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டு, உரிமையாளர் வரிசை எண் ஒன்று என்பதையும், கடன் நிலுவை ஏதும் இல்லை என்பதையும் பார்த்தோம். எங்கள் ஊர் மெக்கானிக்கை உடன் அழைத்துச் சென்று எஞ்சினையும் கியரையும் சோதித்தோம். அவர் குறை சொல்லவில்லை.

மூன்றாவது வாரத்தில் இடப்பக்கக் கண்ணாடி இறங்க மறுத்தது. பிறகு பிரேக் தொடர்பான ஏ.பி.எஸ். எச்சரிக்கை விளக்கும் ஏர்பேக் விளக்கும் மாறி மாறி எரியத் தொடங்கின. ஜூன் மாதம் ஓர் இரவு, டயாலிசிஸ் முடிந்து சோர்ந்துபோன மாமனார் பின்னிருக்கையில் படுத்திருக்க, குளித்தலைக்கு முன்பாகச் சாலையோரத்தில் வண்டி அப்படியே அணைந்துவிட்டது. உறவினர் ஒருவர் வேறு வண்டியுடன் வந்து சேரும் வரை ஒன்றரை மணி நேரம் இருட்டில் காத்திருந்தோம். அந்த ஒன்றரை மணி நேரத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

கரூரில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கைகளைக் கழற்றிப் பார்த்தபோதுதான் உண்மை வெளிவந்தது. ஓட்டுநர் பக்க சீட் பெல்ட்டை அவர் முழுவதுமாக இழுத்துக் காட்டினார். எப்போதும் உருளைக்குள் சுருண்டே கிடக்கும் அந்தக் கடைசி ஒரு முழம் மட்டும் காய்ந்த சேற்றின் நிறத்தில் இருந்தது. தரைவிரிப்பைத் தூக்கியதும் அடியில் படிந்திருந்த வண்டல், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. ஸ்டெப்னி வைக்கும் பள்ளம் துருவேறிக் கிடந்தது. வயரிங் இணைப்புகளின் ஊசிகள் பச்சை பூத்திருந்தன. வெளியே டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் பளிச்சென்று செய்திருந்தாலும், வண்டி நீரில் மூழ்கி எழுந்தது என்பதில் அவருக்குச் சிறிதும் சந்தேகம் இல்லை. அதன்பின் அந்த கார் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் விசாரித்தபோது, 2023 செப்டம்பரில் கடைசியாக சர்வீஸுக்கு வந்த நாளிலேயே வண்டி 68,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது தெரியவந்தது. அதற்குப் பிந்தைய பதிவே இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனை கார்கள் கூரை வரை மூழ்கிக் கிடந்தன என்பது அனைவரும் அறிந்ததே. எங்கள் வண்டி மூழ்கியது எந்த வெள்ளத்தில் என்பதை என்னால் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆனால், மூழ்கியதும் மீட்டரைப் பின்னோக்கித் திருப்பியதும் எங்களிடம் மறைக்கப்பட்டன என்பதை உறுதியாகச் சொல்ல முடியும்.

விற்றவரிடம் கேட்டதற்கு, "வண்டியை முழுமையாகப் பரிசோதித்து, உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன், பின்னர் எந்தக் குறைக்கும் உரிமை கோர மாட்டேன்" என்று நான் கையெழுத்திட்டிருந்த வரியைத்தான் காட்டினார். டெலிவரி நோட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த நாளில், எந்த மணிக்கு வண்டி கைமாறியது என்று எழுதி வைப்பது இரு தரப்புக்கும் தேவை. அதற்குப் பின் விபத்தோ அபராதமோ நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அது ஓரளவு விடை தரும். அதே தாளில், தனக்குத் தெரிந்த குறையை மறைத்தவருக்குப் பாதுகாப்பாக இன்னொரு வரியைச் சேர்ப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், தன் 17ஆம் பிரிவில், ஒன்றைத் தெரிந்துகொண்டே முனைந்து மறைப்பதை மோசடி என்றே வகைப்படுத்துகிறது. அவ்வாறு பெறப்பட்ட சம்மதத்தால் உருவான ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கு 19ஆம் பிரிவு தருகிறது. எனவே, 'கையெழுத்துப் போட்டுவிட்டோமே' என்று ஒதுங்கிவிட வேண்டியதில்லை என்பதை என் போன்ற நிலையில் உள்ள வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

ரசீது விஷயத்திலும் நாங்கள் ஏமாந்தோம். பில் கேட்டபோது, "பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கூடும், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார்கள். 4,35,000 ரூபாய்க்கு 18 சதவீதம் என்றால் 78,300 ரூபாய் ஆயிற்றே என்று பயந்து, வெறும் கைச்சீட்டோடு திரும்பினோம். உண்மையில், பழைய வாகனங்களை வாங்கி விற்கும் வியாபாரி வரி கட்ட வேண்டியது முழு விலைக்கு அல்ல, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டுமே. 4,00,000 ரூபாய்க்கு வாங்கியதை எங்களுக்கு விற்றிருந்தால், 35,000 ரூபாய் லாபத்துக்கு 6,300 ரூபாய்தான் வரி. பொருளுக்கு பில் தராமல் இருப்பதையே முறையற்ற வணிகம் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. அந்த பில் இல்லாததால், எங்கள் வழக்கில் விலையையே வங்கிக் கணக்கு விவரத்தைக் கொண்டு நிரூபிக்க வேண்டியதாயிற்று. முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் முடிந்திருக்காது.

ஆம், நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறோம். வழக்கு நிலுவையில் இருப்பதால் அந்த நிலையத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. வண்டி வாங்கியது கோவையில் என்றாலும், நாங்கள் வசிக்கும் கரூர் மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்ய அந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் ஏதும் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். ஒன்றை மட்டும் அனுபவத்தில் கண்டு சொல்கிறேன்: அவசரப்பட்டுப் பழுது பார்த்துவிடாமல், கழற்றிய நிலையிலேயே தேதியுடன் படம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற பணிமனையில் எழுத்துமூலம் அறிக்கை வாங்கி, விற்றவருக்குத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிய பிறகே வண்டியில் கை வைக்க வேண்டும். எங்கள் எலக்ட்ரீஷியன் நல்ல மனிதர் என்பதால் விரிப்பை எடுத்தவுடன் வேலையை நிறுத்திவிட்டு எங்களை அழைத்தார். வேறொருவராக இருந்தால் வண்டலைக் கழுவித் துடைத்து வைத்திருப்பார், எங்களிடம் சாட்சியமே மிஞ்சியிருக்காது.

இத்தகைய வியாபாரத்தை ஒழுங்குபடுத்த விதிகளே இல்லை என்றும் சொல்ல முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் ஐந்தாண்டு காலத்துக்கான அங்கீகாரச் சான்று பெற வேண்டும். ஒரு வண்டி தங்களிடம் விற்பனைக்கு வந்ததும் 29சி படிவத்தின் மூலம் அதைத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்றம், என்.ஓ.சி. எனப்படும் தடையில்லாச் சான்று ஆகியவற்றுக்கு அவர்களே விண்ணப்பிக்கலாம். கையெழுத்து மட்டும் போட்ட, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களோடு ஆர்.சி. புத்தகம் கை மாறி மாறிப் போய், விபத்து நேர்ந்தால் எப்போதோ வண்டியை விற்றுவிட்ட பழைய உரிமையாளர் நீதிமன்றம் ஏறும் நிலையைத் தவிர்க்க இது நல்ல ஏற்பாடு. பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு இதன் தேவை இன்னும் கூடியது. ஆனால், நாங்கள் ஏறி இறங்கிய நான்கு கன்சல்டிங் நிலையங்களில் ஒன்றில்கூட அப்படியொரு சான்று சுவரில் இருக்கக் காணவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. எங்கள் பெயருக்கு ஆர்.சி. மாறி வரவே நான்கு மாதங்கள் ஆயின.

ஆகவே, வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் தத்தம் பகுதியில் உள்ள பழைய கார் நிலையங்களுக்கு நேரில் சென்று, அங்கீகாரச் சான்று உள்ளதா என்று பார்த்து, அது வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்கப்பட உத்தரவிட வேண்டும். பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டிவிட்டால் வண்டியை 'டோட்டல் லாஸ்' என்று கணக்கெடுத்து, உரிமையாளருக்கு இழப்பீடு தந்துவிட்டு, அந்த வண்டியை ஏலத்தில் விடுகிறார்கள் காப்பீட்டாளர்கள். அது தவறல்ல. ஏலத்தில் எடுத்துச் செப்பனிடுவதும் தவறல்ல. அந்தத் தகவல் வண்டியின் பதிவு விவரத்தோடு சேர்ந்து, செயலியில் பார்க்கும் எவருக்கும் தெரிய வேண்டும். தெரிந்திருந்தால், நோயாளியை ஏற்றிச் செல்ல அந்த வண்டியை நாங்கள் எந்த விலைக்கும் வாங்கியிருக்க மாட்டோம்.

டெலிவரி நோட்டைப் பொறுத்தவரை, அரசு ஒரே மாதிரியான படிவத்தை வகுத்து, வாங்குபவர் கையெழுத்திடும் இடத்துக்கு மேலே விற்பவர் கையெழுத்திட வேண்டிய இரண்டு வரிகளைச் சேர்த்தால் போதும்: இந்த வண்டி இதுவரை ஓடிய தூரம் எனக்குத் தெரிந்தவரை இவ்வளவு, இது பெரிய விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கியது அல்லது சிக்கவில்லை.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கரூர் மாவட்டம்.