கேஸி என்றால் எந்தக் கேஸி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க வாரிசு அரசியல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கென்னடி, புஷ் குடும்பங்களைப் பற்றிச் சொன்னதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் கூடவே போட்டிருந்த பட்டியலில் ஜான்சன்களையும் ஒரு 'குடும்பமாக' சேர்த்துவிட்டீர்கள். அது சரியில்லை. இரண்டு வெவ்வேறு ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அனுப்பிய குடும்பப்பெயர்கள் மொத்தம் ஐந்துதான். ஆடம்ஸ், புஷ் இரண்டும் அப்பாவும் பிள்ளையும். ஹாரிசன், தாத்தாவும் பேரனும். ரூஸ்வெல்ட்கள் தூரத்துப் பங்காளிகள். ஐந்தாவது பெயரான ஜான்சனில்தான் உறவே கிடையாது. ஆண்ட்ரூ ஜான்சன் டென்னசியில் தையல் கடை வைத்திருந்தவர். லிண்டன் ஜான்சன் டெக்சாஸ்காரர். 1865-இல் லிங்கன் சுடப்பட்டபோது முன்னவரும், 1963-இல் கென்னடி சுடப்பட்டபோது பின்னவரும் துணை அதிபர்களாக இருந்தார்கள். அவ்வளவுதான் ஒற்றுமை. இப்போது பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக இருக்கும் மைக் ஜான்சன் இந்த இருவருக்கும் வாரிசு இல்லை. அதே சபையில் ஜார்ஜியாவிலிருந்து ஒரு ஜான்சன், தெற்கு டகோட்டாவிலிருந்து ஒரு ஜான்சன். செனட்டில் விஸ்கான்சினிலிருந்து இன்னொருவர். பெயரோடு மாநிலத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் சபைக் குறிப்பிலேயே ஆள் யாரென்று தெரியும். ஸ்மித்துக்கு அடுத்தபடியாக அந்த நாட்டில் அதிகம் பேருக்கு உள்ள குடும்பப்பெயர் ஜான்சன். அதை வைத்து வம்சாவளி எழுதினால் முடிவே இருக்காது.

பட்டியலைத் திருத்துவது மட்டும் என் நோக்கமில்லை. 'பெயருக்கு ஓட்டு விழுகிறது, ஆகவே அது வாரிசு அரசியல்' என்று கட்டுரை முடித்திருந்ததே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. பெயருக்கு ஓட்டு விழுவது உண்மை. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் எந்தக் குடும்பமும் இல்லாதபோதும் விழுகிறது. பல வருடங்களாக நான் ஓட்டுப்போட்டு வரும் பென்சில்வேனியா மாநிலமே இதற்கு நல்ல சாட்சி.

பாப் கேஸி என்று ஒருவர். ஸ்க்ரான்டன் நகரத்துக்காரர், ஜனநாயகக் கட்சி. 1969 முதல் 1977 வரை மாநிலத்தின் தலைமைத் தணிக்கையாளராக இருந்து நேர்மையானவர் என்று பெயர் எடுத்தவர். ஆளுநர் பதவிக்குக் கட்சிக்குள்ளேயே நின்று, 1966-லும் 1970-லும் தோற்றவர். 1976-இல் மாநிலப் பொருளாளர் பதவிக்குத் தேர்தல் வந்தது. ராபர்ட் கேஸி என்ற பெயர் ஓட்டுச்சீட்டில் இருந்தது. ஜனங்கள் போட்டார்கள், அவர் ஜெயித்தார். ஆனால் அவர் ஸ்க்ரான்டன் கேஸி இல்லை! கேம்ப்ரியா என்ற கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒரு சாதாரணப் பொறுப்பில் இருந்தவர். ஊர் ஊராகப் போய்ப் பிரச்சாரம் செய்தவரும் இல்லை.

வாக்காளர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முன் கிரேஸ் ஸ்லோன் என்ற பெண்மணி பொருளாளராக இருந்து, தணிக்கையாளராகி, மறுபடி பொருளாளராக வந்திருந்தார். ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு மாறுவது அங்கே வழக்கம்தான். தணிக்கையாளர் கேஸியின் பதவிக்காலம் முடிகிறது, பொருளாளர் பதவிக்கு ஒரு கேஸி நிற்கிறார் என்றால், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இரண்டே வருடத்தில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. 1978-இல் ஸ்க்ரான்டன் கேஸி ஆளுநர் பதவிக்கு மூன்றாவது முறையாகக் கட்சியின் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளர் யாரென்று முடிவு செய்யும் உள்தேர்தலில், நின்றார். அதே நாளில், அதே ஓட்டுச்சீட்டில், துணை ஆளுநர் பதவிக்கு மூன்றாவதாக ஒரு கேஸி. இவருக்கு நடு இனிஷியல்கூட அதே 'பி'. பிட்ஸ்பர்க் பக்கத்துப் பள்ளி ஆசிரியர், ஒரு ஐஸ்கிரீம் கடையும் வைத்திருந்தார். முடிவு என்ன தெரியுமா? ஆளுநருக்கு நின்ற கேஸி தோற்றார், ஐஸ்கிரீம் கடைக்காரர் ஜெயித்தார். கேஸியைத் துணை ஆளுநராக்கிவிடலாம் என்று எத்தனை பேர் மனப்பூர்வமாகக் குத்தியிருப்பார்களோ. ஆளுநர் கேஸியாக வர நினைத்தவரைப் பிரைமரியில் தோற்கடித்த பீட் ஃப்ளாஹர்ட்டியும் இந்தப் பள்ளி ஆசிரியரும் ஜோடியாகப் பொதுத்தேர்தலில் நின்று குடியரசுக் கட்சியிடம் தோற்றார்கள்.

அசல் கேஸி 1986-இல்தான் ஆளுநர் தேர்தலில் ஜெயித்தார். அதற்காக அவர் தன்னை 'நிஜமான பாப் கேஸி' என்று சொல்லிக்கொண்டே ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது. எதிரே நின்றவர் வில்லியம் ஸ்க்ரான்டன். முன்னாள் ஆளுநரின் பிள்ளை. ஸ்க்ரான்டன் நகரத்துக்கே பெயர் கொடுத்த குடும்பம் அவர்களுடையது. உங்கள் கட்டுரை தேடும் அசல் வாரிசு அவர்தான். சுமார் 34 லட்சம் ஓட்டுகளில் 79 ஆயிரத்துச் சொச்சம் வித்தியாசத்தில் அவர் தோற்றுப்போனார். கேஸியின் மகனும், அவர் பெயரும் பாப் கேஸிதான், பிற்பாடு தணிக்கையாளராகி, 2004-இல் பொருளாளர் பதவிக்கும் ஜெயித்து, 2007 முதல் மூன்று முறை செனட்டராக இருந்தார். 2024-இல் தோற்றார். அவரை வாரிசு என்று தாராளமாக எழுதுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கென்னடி என்றதும் உங்களுக்கு பாஸ்டன் குடும்பம் நினைவுக்கு வருகிறது. மாசசூசெட்ஸ் வாக்காளர்களுக்கும் அப்படித்தான் வந்தது. 1954-இல் அவர்கள் ஜான் எஃப். கென்னடி என்பவரை மாநிலப் பொருளாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஜில்லெட் பிளேடு கம்பெனியில் வேலை பார்த்தவர். அப்போது செனட்டராக இருந்த, பின்னால் அதிபரான கென்னடிக்குச் சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை. 1956-லும் 1958-லும் மறுபடி ஜெயித்தார். 1958 ஓட்டுச்சீட்டில் செனட்டர் பதவிக்கு ஒரு ஜான் எஃப். கென்னடி, பொருளாளர் பதவிக்கு ஒரு ஜான் எஃப். கென்னடி. இருவருமே ஜெயித்தார்கள்.

டெக்சாஸ் கதை இவ்வளவு சிரிப்பானதில்லை. அங்கே யார்பரோ என்பது ஊரறிந்த அரசியல் பெயர். ரால்ஃப் யார்பரோ செனட்டராக இருந்தவர், டான் யார்பரோ ஆளுநர் பதவிக்கு நின்றவர். 1976-இல் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு டான் யார்ப்ரோ என்ற வேறொரு வக்கீல் நின்றார். ஆங்கில எழுத்தில் ஒரு 'ஓ' குறைவு, அவ்வளவுதான். மதிப்புமிக்க நீதிபதி ஒருவரைப் பிரைமரியில் தோற்கடித்துப் பதவிக்கும் வந்துவிட்டார். ஏகப்பட்ட வழக்குகளும் புகார்களும் துரத்த, 1977-இல் ராஜினாமா. பொய்ச் சாட்சியம் சொன்ன வழக்கில் தண்டனையும் கிடைத்தது.

இதெல்லாம் ஏன் பொருளாளர், துணை ஆளுநர், நீதிபதி என்ற பதவிகளிலேயே நடக்கிறது? அதிபர் தேர்தலில் யாரும் ஆள் மாறிப் போடுவதில்லை. காரணம், அமெரிக்க ஓட்டுச்சீட்டின் நீளம். பிலடெல்பியாவில் எங்கள் வட்டாரத்து வாக்குச்சாவடியில் நின்று பார்த்தால் இது விளங்கும். மெஷினின் பெரிய திரையில் மொத்தச் சீட்டும் ஒரே பக்கமாக விரியும். ஒற்றைப்படை வருடமென்றால் அதிபரும் கிடையாது, செனட்டரும் கிடையாது. மேயர் அல்லது மாவட்ட அரசு வழக்கறிஞர், அப்புறம் நீதிபதிகள், நீதிபதிகள், மேலும் நீதிபதிகள். அந்த வாக்குச்சாவடியை மேற்பார்வை பார்க்கிறாரே, அந்தத் தேர்தல் அலுவலர் பதவிக்குக்கூட ஓட்டு உண்டு. பிரைமரியில் எல்லாருமே ஒரே கட்சி என்பதால் கட்சியைப் பார்த்தும் போட முடியாது. போதாக்குறைக்கு, உள்ளூர் நீதிமன்ற நீதிபதி வேட்பாளர்கள் இரண்டு கட்சிப் பிரைமரிகளிலும் ஒரே நேரத்தில் நிற்கலாம். யார் பெயர் சீட்டில் முதலில் வரும் என்பதைக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். பிலடெல்பியாவில் அதற்கு ஒரு பழைய காப்பித்தூள் டப்பா உண்டு. அந்த டப்பா யாருக்கு நல்ல இடம் கொடுக்கிறதோ அவர் பாதி நீதிபதி ஆனமாதிரிதான் என்று இங்கே அரசியலில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

வாசலில் கட்சி ஆள் ஒருவர் இவருக்கு இவருக்கு என்று அச்சடித்த தாளைக் கையில் திணிப்பார். வக்கீல்கள் சங்கம் 'பரிந்துரைக்கிறோம், பரிந்துரைக்கவில்லை' என்று பட்டியல் போடும். இரண்டையும் பார்க்காதவருக்குத் திரையில் இருப்பது வெறும் பெயர்கள்தான். அதில் எங்கேயோ கேட்ட பெயர் ஒன்று கண்ணில் பட்டால் விரல் அங்கே போகத்தான் செய்யும். அது யாருடைய குடும்பம் என்று யோசித்தெல்லாம் யாரும் அழுத்துவதில்லை.

இந்தப் பழக்கத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு விளையாடுகிறவர்களும் உண்டு. 2020-இல் ஃபுளோரிடாவின் மயாமி பகுதியில் மாநில செனட்டர் ஹோசே ஹாவியர் ரோட்ரிகஸ் வெறும் 32 ஓட்டில் தோற்றார். அதே தொகுதியில் பிரச்சாரமே செய்யாமல் நின்ற இன்னொரு ரோட்ரிகஸ் ஆறாயிரத்துக்கும் மேல் ஓட்டு வாங்கியிருந்தார். நம் ஊர் பாஷையில் டம்மி வேட்பாளர். அவருக்குப் பணம் கொடுத்து நிறுத்தியது முன்னாள் மாநில செனட்டர் ஃபிராங்க் ஆர்ட்டிலெஸ் என்று வழக்கு நடந்து, 2024-இல் ஆர்ட்டிலெஸ் குற்றவாளி என்று தீர்ப்பானது. அதே வருடம் வாஷிங்டன் மாநிலத்தில் ஆளுநர் பதவிக்கு பாப் ஃபெர்குசன் நின்றபோது, கடைசி நேரத்தில் மேலும் இரண்டு பாப் ஃபெர்குசன்கள் மனுப்போட்டார்கள். குழப்பும் எண்ணத்தோடு ஒத்த பெயரில் நிற்பது அந்த மாநிலத்தில் குற்றம். அதைச் சுட்டிக்காட்டியதும் இருவரும் வாபஸ். ராமநாதபுரத்தில் அதே 2024-இல் ஓ. பன்னீர்செல்வங்கள் வரிசையாக நின்றதைப் பார்த்த உங்கள் வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே சின்னமும் வேட்பாளர் படமுமாவது இருந்தன.

உறவே இல்லாத கேஸியும் கென்னடியும் யார்ப்ரோவும் ஜெயித்ததை வாரிசு அரசியல் கணக்கில் எழுதினால், உண்மையான காரணம் தப்பித்துக்கொள்கிறது. ஒரே நாளில் இத்தனை பதவிகளுக்கு ஓட்டுப்போடச் சொல்வதுதான் காரணம் என்பது என் கருத்து. எங்கள் ஊரிலிருந்து டெலவேர் ஆற்றைத் தாண்டினால் நியூ ஜெர்சி. அங்கே மாநில அளவில் ஆளுநரையும் துணை ஆளுநரையும் மட்டும்தான், அதுவும் ஜோடியாக, தேர்ந்தெடுக்கிறார்கள். பொருளாளர், அட்டர்னி ஜெனரல், நீதிபதிகள் எல்லாரும் ஆளுநரின் நியமனம். வாரிசுகளுக்கு அங்கேயும் பஞ்சமில்லை. முன்னாள் ஆளுநர் டாம் கீனின் மகன் டாம் கீன், செனட்டராக இருந்த பாப் மெனெண்டெஸின் மகன் ராப் மெனெண்டெஸ் இருவரும் 2022-இல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார்கள். ஆனால் அங்கே ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் ஒரு கீன், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பொருளாளராக வழியே இல்லை. அந்தப் பதவிக்கு அங்கே ஓட்டே கிடையாது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
பிலடெல்பியா